பக்கத்து இருக்கையின் பிரேக்

உலகத்தில் வண்டி ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்பது மாஸ்டரின் கருத்து. இந்த முடிவுக்கு வர அவருக்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில், கற்றுக்கொள்ள வருபவரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே தலை நரைத்தவர் அவர். அந்த இருக்கையிலிருந்து பார்த்தால் மனித குலத்தின் மேல் மரியாதை வருவது கஷ்டம்தான். கண்ணாடியைப் பார் என்றால் தலையைச் சரிசெய்துகொள்வார்கள். கியரை மாற்று என்றால் சாலையை விட்டுவிட்டு, தொலைத்த காசைத் தேடுவதுபோல் குனிந்து கியரைப் பார்ப்பார்கள். திரும்பு என்றால் வண்டியைத் திருப்பாமல் தாங்கள் திரும்பிக்கொள்வார்கள்.

பள்ளி வண்டியில் அவருடைய காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ராஜா இடுப்பில் வாள் வைத்திருப்பதைப்போல அதை அவர் வைத்திருந்தார். இருப்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும், உருவக் கூடாது.

"பிரேக்கத் தொடாம சொல்லித் தர்றவன்தான் மாஸ்டர். சும்மா சும்மா மிதிச்சுக்கிட்டே சொல்லித் தர்றவன் தையல்காரன்" என்பார்.

இப்படிப்பட்டவரைத்தான் சில மாதங்களாகப் பயிற்சி பெறுபவர்கள் தங்களுக்குள் 'தையல் மாஸ்டர்' என்று அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

நடந்தது இவ்வளவுதான். கல்யாணத்துக்குள் உரிமம் வாங்கிவிட வேண்டும் என்று வந்த ஒரு வங்கி குமாஸ்தா, குளிர்பதனக் கிடங்குக்குப் பக்கத்து வளைவில் வண்டியை அகலமாகத் திருப்பினார். எதிரே தண்ணீர் லாரி. இரண்டும் நின்றபோது, இரண்டின் மூக்குக்கும் நடுவே ஒரு பூனை போகலாம். அதுவும் பட்டினி கிடந்த பூனையாக இருக்க வேண்டும். லாரிக்காரர் இறங்கிவந்து இருவரின் முன்னோர்களையும் வரிசையாக விசாரித்துவிட்டுப் போனார். குமாஸ்தா கெக்கெக்கே என்று சிரித்தார். மாஸ்டர் அவரைத் திட்டினார், பிறகு டீ வாங்கிக் கொடுத்தார். ஒரு கீறல் இல்லை.

"ஒண்ணும் ஆகல" என்று அலுவலகத்தில் சொன்னார். வீட்டில் மனைவியிடமும் சொன்னார். யாரும் கேட்காதபோதும் சொன்னார்.

ஒன்றும் ஆகாத அந்த நாளுக்குச் சில வாரங்கள் கழித்து அவருடைய வலது கால் தனிக்குடித்தனம் போய்விட்டது. நாய் வாலை ஆட்டினால் மிதித்தது. தூரத்தில் தள்ளுவண்டி தெரிந்தால் மிதித்தது. வண்டி நின்றுகொண்டிருக்கும்போதும் மிதித்தது. அந்தக் கிடங்கு வளைவு வந்தாலோ, கேட்கவே வேண்டாம். பயிற்சிக்கு வந்தவர்களின் நெற்றி ஸ்டீயரிங்கைப் போய் முத்தமிட்டுவிட்டுத் திரும்பும். "நீங்க ஓட்டுற லட்சணத்துக்கு மிதிக்காம என்ன பண்றது?" என்று மாஸ்டர் சீறுவார். அவரவர் லட்சணத்தைப் பற்றி அவரவருக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் இருப்பதால், யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

ஆனால் மாஸ்டர் ஒன்றும் அலட்சியமான ஆள் இல்லை. கோளாறு இருக்கிறது என்று தெரிந்ததும் உடனே நடவடிக்கை எடுத்தார். பிரேக் பெடலைக் கழற்றி மாட்டச் சொன்னார். சரிப்படவில்லை. வேறு ஸ்பிரிங் போடச் சொன்னார். பட்டறைக்காரன் சலித்துப்போய், "மாஸ்டர், பெடல் உங்கள இழுக்கல. நீங்கதான் அதைத் தேடிப் போறீங்க" என்றான். மாஸ்டர் பட்டறையை மாற்றினார்.

அந்த வளைவில் முகமெல்லாம் வியர்த்தது. ஏசியைப் பழுது பார்த்தார். வேறு செருப்பு வாங்கினார். முழங்காலைப் படம் எடுத்தார். எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இந்தக் காலை வச்சுக்கிட்டு நீங்க ஓட்டப்பந்தயமே ஓடலாம்" என்றார். கண் டாக்டர் பார்த்தார், காது டாக்டரும் பார்த்தார். இப்படி உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒவ்வொரு உறுப்பாக, வண்டி உட்பட, எல்லாவற்றையும் காட்டியாகிவிட்டது. விட்டுப்போனது ஒன்றுதான். அது தன்னிடம் இருப்பதாகவே அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

வீட்டில் நிலைமை இதைவிடக் கேவலம். தூக்கத்தில் அவர் போட்ட பிரேக்கில் மனைவி கட்டிலிலிருந்து விழப் பார்த்து, மகள் அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டாள். "அவ குறட்டை தாங்கல, அதான் அனுப்பிட்டேன்" என்று மாஸ்டர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். பஸ்ஸில் ஏறுவதை நிறுத்தினார், கூட்டமாம். சாப்பிடும்போது மகள் டம்ளரைக் கொஞ்சம் வேகமாக நகர்த்தினால்கூட மேஜைக்கு அடியில் டொக் என்று ஒரு சத்தம் கேட்டது. எந்தச் சாலையில் எந்தப் பலகை நிற்கிறது என்று உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர், தன் வீட்டு நடுக்கூடத்தில் வரிசையாக நட்டுவைத்திருந்த எச்சரிக்கைப் பலகைகளில் ஒன்றைக்கூடப் படிக்கவில்லை.

குடும்பம் கூடிப் பேசியது. கூடிப் பேசுவதற்கென்றே சில குடும்பங்கள் இருக்கின்றன. அவை எதையும் கண்டுபிடிப்பதில்லை. அண்ணன் "வேலைப்பளு" என்றார். அண்ணி "வயசு" என்றாள். அக்காவின் கணவர் காலையில் நடக்கச் சொன்னார். அவர் எல்லாவற்றுக்கும் அதையே சொல்வார், ஒருமுறை கூரை ஒழுகியபோதும் சொன்னார்.

மனைவியின் தம்பி மட்டும்தான், "மாமா, ஒரு மனசு டாக்டரப் பாத்தா என்ன? நான் போறேனே, அந்தம்மா நல்லாப் பாக்கறாங்க" என்றான்.

இந்த மச்சினனின் மனைவி அவனை விட்டுவிட்டுப் போய்விட்டாள். அவன் கொஞ்ச நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு வாராவாரம் ஓர் உளவியல் நிபுணரிடம் போய்வர ஆரம்பித்து, இப்போது ஒழுங்காக ஷேவ் செய்துகொண்டு வேலைக்குப் போகிறான். இது குடும்பத்துக்கு மன்னிக்க முடியாத அவமானம். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது யாருக்கும் அவமானமாகத் தோன்றவில்லை.

"ஏன்டா, பைத்தியக்கார டாக்டர்கிட்ட நான் போகணுமா? பொண்டாட்டி ஓடிப்போனவன் போற எடத்துக்கு, குடும்பம் நடத்தறவன் எதுக்குடா போகணும்?" என்றார் மாஸ்டர்.

மகள் அறையின் திறந்த கதவு வழியாக மனைவியின் தலையணை தெரிந்தது. யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

இதற்கிடையே முதலாளியிடம் புகார்கள் சேர்ந்துவிட்டன. முதலாளிக்கு வண்டிகள் நிறைய உண்டு. ஒன்றைக்கூட ஓட்டத் தெரியாது. அதனால் முடிவுகளைத் தயங்காமல் எடுப்பார்.

"மாஸ்டர், சலவைக்கடை அம்மாவுக்கு டெஸ்ட் வருது. உங்க ஆளுங்க எல்லாம் வரிசையா பெயில். இதுவும் போச்சுன்னா, நீங்க பக்கத்து சீட்ட விட்டுட்டு உள்ள டேபிள்ல உக்காந்து போன் எடுங்க."

போன் எடுப்பது! பிளாஸ்டிக் கடிகாரத்துக்குக் கீழே, மின்விசிறி எட்டாத மூலையில், ஒரு நாற்காலி. இதற்கு முன் அதில் உட்கார்ந்திருந்தவர் அங்கேயே ஓய்வுபெற்றார். அவர் போனது இரண்டு நாள் கழித்துத்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. அந்தப் பக்கத்து இருக்கை போய்விட்டால் அப்புறம் அவர் யார்? எலும்பு டாக்டர் பாராட்டிய ஒரு கால். அவ்வளவுதான்.

சலவைக்கடை அம்மா நன்றாக ஓட்டினாள். மாஸ்டரே இதை மனதுக்குள் ஒப்புக்கொண்டிருந்தார். வாயால் சொல்வது அவர் வழக்கத்தில் இல்லை. ஆஸ்பத்திரி படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒப்பந்தம் அவளுக்குக் கிடைத்திருந்தது. வேன் தயார், உரிமம்தான் பாக்கி.

டெஸ்ட் அன்று இன்ஸ்பெக்டர் பின்னிருக்கையில் உட்கார்ந்தார். பள்ளி வண்டி என்பதால் மாஸ்டர் பக்கத்தில் இருக்கலாம். வாயும் காலும் அசையக் கூடாது. அந்த அம்மாள் வண்டியைத் தண்ணீர் ஊற்றுவதுபோலக் கொண்டுபோனாள். கிடங்கு வளைவு வந்தது. சாலைக்கு அந்தப் பக்கம், ஓரமாக, ஒரு லாரி நின்றது. ஓடவில்லை. டிரைவர் ஜன்னலில் காலை நீட்டிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

மாஸ்டரின் கால் போய்விட்டது.

வண்டி குத்திக்கொண்டு நின்றது. இன்ஸ்பெக்டரின் மூக்குக் கண்ணாடி முன்னிருக்கைக்கு வந்து சேர்ந்தது.

"யாரு பிரேக் போட்டது?"

பின்னால் இருந்தவருக்கு முன்னால் இருப்பவர்களின் கால்கள் தெரியாது. தெரியாது என்பது மாஸ்டருக்குத் தெரியும்.

"அவங்கதான் சார். பதட்டம்."

அந்த அம்மாள் திரும்பி அவரைப் பார்த்தாள். மாஸ்டர் வண்டி துடைக்கும் மஞ்சள் துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெளியே இருந்த ஒரு மின்கம்பத்தை மிகுந்த அக்கறையோடு பரிசீலித்தார். தேர்வில் தோல்வி என்று இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார்.

மறுநாள் அவள் பள்ளிக்கு வந்தாள். மாஸ்டர் வண்டியைத் துடைப்பதுபோல நின்றுகொண்டார்.

"சண்டை போட வரல மாஸ்டர். அதுக்கு நேரமில்ல, துணி மலை மாதிரி கெடக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"பெயிலானா யாருக்கும் கோவம் வரும்மா. அடுத்த தடவ பதட்டப்படாம…"

"பிரேக் போட்டது நீங்க. அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், அத விடுங்க. எதுக்கு அழுதீங்க?"

"யாரு?"

"நீங்கதான். அந்த வளைவு வந்தாலே அழறீங்க. மொத நாளே பாத்தேன். நான் ஓட்டறத பாத்துதான் அழறீங்கன்னு நெனச்சேன். ஒருத்தர அழ வைக்கிற அளவுக்கா மோசமா ஓட்டறோம்னு எனக்குத் தூக்கமே வரல."

"அது வேர்வை. ஏசி சரியில்ல."

"அந்த ஏசியில எனக்கு ஜலதோஷமே புடிச்சிருச்சு. வேர்வைன்னா நெத்தியில வரணும். உங்களுக்குக் கண்ணுலேருந்து வருது. நான் திட்ட வந்தேன்; பாத்தா திட்டத் தோணல. யாரையாவது போய்ப் பாருங்க மாஸ்டர். இல்லேன்னா எவளாவது நிஜமாவே மோசமா ஓட்டறவ வந்து மாட்டுவா. உங்க கண்ணு அப்ப ரோட்டுல இருக்காது."

அவள் போன பிறகு மாஸ்டர் ஏளனமாகச் சிரித்தார். பார்க்க யாரும் இல்லாததால் அந்தச் சிரிப்பு வீணாகப் போனது. அடுத்து வந்தவர் ஒரு தபால்காரர். அந்த வளைவில் கால் வழக்கம்போல மிதித்ததும், வண்டி நின்றதும், மாஸ்டர் எஞ்சின் ஆயிலின் அளவு பார்ப்பதுபோல ஒரு விரலை நெற்றியில் வைத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. கண்ணுக்குக் கீழே வைத்தார். விரல் நனைந்துவிட்டது.

இத்தனை மாதங்கள் அழுதிருக்கிறார். அழுததுகூடத் தெரியாமல் ஏசிக்கு கேஸ் நிரப்பியிருக்கிறார். தன் வண்டியில் எந்தத் திருகாணி தளர்ந்தாலும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிற மனிதர்! அவர் தன்னை வெறுப்போடு பார்த்துக்கொண்டார்; அதுவரை அந்தப் பார்வையை மற்றவர்களுக்கு மட்டுமே வழங்கிவந்தார்.

"பின்னால ஹாரன் அடிக்கறாங்க சார்" என்றார் தபால்காரர்.

அதற்கப்புறம் மாஸ்டர் மனநல உதவி நாடிய வரலாறு, ஒரு திருடன் நகைக்கடைக்குள் நுழைந்த வரலாற்றுக்குச் சமமானது. மனைவியிடம் பல் வலி என்றார். "எந்தப் பல்லு?" என்றாள். ஒன்றைக் காட்டினார். அவள் சமையலறைக்குப் போய்த் திரும்பி வந்து மறுபடி கேட்டபோது வேறொன்றைக் காட்டினார். மச்சினன் சொன்ன கட்டடத்தில் முதல் மாடியில் பல் டாக்டர், இரண்டாம் மாடியில் உளவியல் நிபுணர். மச்சினன் அங்கே போவது சனிக்கிழமை. மாஸ்டர் புதன்கிழமை போனார். யாராவது பார்த்தால் பல். யாரும் பார்க்காவிட்டால் இன்னும் ஒரு மாடி.

"யாருக்குப் பாக்கணும் சார்?" என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

"என் மச்சினனுக்கு. அவன் வரல. விவரத்த நான் சொல்றேன்."

"அவரு பேரு?"

மாஸ்டர் கூசாமல் மச்சினன் பேரைச் சொன்னார்.

"அவரா? உள்ள இருக்காரே. இந்த மாசம் புதன்கிழமைக்கு மாத்திக்கிட்டாரு."

வருபவர்களின் விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படும் என்று அவளுக்குப் பின்னால் சுவரில் எழுதியிருந்தது. அவள் சுவரைப் பார்த்து உட்காரவில்லை. மாஸ்டர் படிக்கட்டை அளவெடுத்தார். அதற்குள் கதவு திறந்து மச்சினன் வெளியே வந்துவிட்டான்.

"மாமா! எங்க இந்தப் பக்கம்?"

"பல்லு."

"பல்லு கீழ் மாடி."

"உங்களப் பத்திச் சொல்லத்தான் வந்திருக்காராம் சார்" என்றாள் அந்தப் பெண், உதவி செய்யும் எண்ணத்தில்.

மச்சினன் மாஸ்டரின் முகத்தைப் பார்த்தான். பிறகு கீழே பார்த்தான். மாஸ்டரின் வலது கால் தரையில் பதித்த ஓடு ஒன்றை மிதித்துக்கொண்டிருந்தது. மச்சினன் பழி வாங்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அவனும் சும்மா விடவில்லை.

"எனக்கு வலது கால் தானா மிதிக்குதே, அதைச் சொன்னீங்களா மாமா?"

மாஸ்டர் காலை இழுத்துக்கொண்டார்.

"அக்கா பக்கத்து ரூம்ல படுக்கறா, சாரி, என் பொண்டாட்டி பக்கத்து ரூம்ல படுக்கறா. அதையும் சொல்லிடுங்க. ஒண்ணையும் மறைக்காதீங்க மாமா. எனக்குக் கட்டாயம் கொணமாகணும்."

மாஸ்டர் அவனை அடிக்கக் கையை ஓங்கியிருக்க வேண்டும். ஓங்கவில்லை. "நீ போயிடாதடா" என்றார்.

"இங்கதான் இருப்பேன். போங்க."

உள்ளே இருந்த அம்மாளுக்குக் கடுமையான சளி. மூக்கைச் சிந்திக்கொண்டே உட்காரச் சொன்னாள். சளிக்கு மருந்து தெரியாதவள் மனசுக்கு என்ன செய்துவிடப் போகிறாள் என்று மாஸ்டர் முதல் பார்வையிலேயே எடைபோட்டார்.

"நீங்க வண்டி ஓட்டுவீங்களா?" என்று விசாரணையைத் தானே தொடங்கினார்.

"ஓட்டுவேன்."

"எங்க கத்துக்கிட்டீங்க?"

அவள் போட்டிப் பயிற்சிப் பள்ளியின் பெயரைச் சொன்னாள். மாஸ்டர் கண்ணை மூடித் திறந்தார். இவளிடம் தன்னை ஒப்படைக்க வேண்டியிருக்கிறது! மனசை வண்டியோடு ஒப்பிட்டு ஏதாவது உதாரணம் சொன்னால் எழுந்து போய்விடுவது என்று முடிவு செய்துகொண்டார். அவள் சொல்லவில்லை. எப்போதிலிருந்து என்று மட்டும் கேட்டாள்.

"அன்னைக்கு ஒண்ணும் நடக்கலம்மா. ஒரு கீறல் இல்ல."

"சரி. அந்த ஒண்ணும் நடக்காததையே மொதல்லேருந்து சொல்லுங்க."

மாஸ்டர் சொன்னார். குமாஸ்தா, வளைவு, லாரி. திட்டியது, டீ. அவள் நடுவில் குறுக்கே வரவில்லை. சொல்லி முடித்துவிட்டதாக நினைத்தவர் மறுபடி லாரி வந்த இடத்துக்கே போனார்.

"நாங்க பிரேக்கே போடலம்மா, எஞ்சின் தானா அணைஞ்சுபோச்சு. லாரிதான் நின்னுச்சு. அவன் போட்ட பிரேக். என் காலுக்கடியில ஒண்ணு இருக்கு… கால் போகல. கல்லு மாதிரி இருந்துச்சு. அந்தப் பையன் கல்யாணப் பத்திரிகைய சீட்டுல வச்சிருந்தான், எனக்குக் குடுக்கணும்னு. கால் போகவே இல்ல."

தேவைப்பட்டபோது போகாத கால், தேவைப்படாதபோதெல்லாம் போய்க் கடனை அடைத்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் முகத்தைத் துடைத்தார். இந்த முறை ஏசியைக் குறை சொல்லவில்லை.

"பயத்துல ஒடம்பு உறைஞ்சு போறது யாருக்கும் நடக்கும். அது உங்க குத்தம் இல்ல" என்றாள் அவள். "ஆனா தூக்கம் போயிருக்கு. பஸ்ஸ விட்டுட்டீங்க. வீட்டுல ஒரே ரூம்ல படுக்க முடியல. வேலையில பொய் சொல்ற அளவுக்கு வந்துட்டீங்க. இதுல ஒண்ணு வந்து நிக்குதுன்னாலே யாரையாவது பாக்கலாம். பைத்தியம் புடிக்கட்டும்னு காத்திருக்க வேண்டியதில்ல."

"நான் புடிச்சப்பறம்தான் வரணும்னு நெனச்சேன்."

"நெறய பேரு அப்படித்தான் நெனக்கறாங்க. சிலர் மச்சினன் பேருல வர்றாங்க." மூக்கைச் சிந்தினாள். "இது சரியாகும். ஒரே நாள்ல ஆகாது. அந்த வளைவுக்கும் போவோம், கொஞ்சம் கொஞ்சமா. அதுவரைக்கும் அந்தப் பக்கத்து சீட்டுல நீங்க உக்காரக் கூடாது. நான் தடுக்க முடியாது. நீங்களே முடிவு பண்ணுங்க."

சரியாகப் பிடித்துவிட்டாள், அந்தக் கேடுகெட்ட பள்ளியில் படித்தவள். எந்த இருக்கையைக் காப்பாற்ற அவர் இத்தனை மாதம் செருப்பையும் ஸ்பிரிங்கையும் மாற்றினாரோ, அதைவிட்டு எழுந்திருக்கச் சொல்கிறாள்.

திரும்பும்போது மச்சினன் காரில் ஏறினார். முதல் திருப்பத்திலேயே கால் தரையை மிதித்தது.

"மாமா, என் வண்டியில அந்தப் பக்கம் பிரேக் கெடையாது."

"தெரியும்டா. நீ மொதல்ல கண்ணாடியப் பாரு. தலைய சீவறதுக்கா வச்சிருக்கான்?"

வீட்டு வாசலில் மனைவி நின்றாள். மாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"தம்பி போன்ல எல்லாத்தையும் சொல்லிட்டான்" என்றாள் அவள். "பரவால்ல, நீங்க மெதுவா சொல்லுங்க. தெரியாத மாதிரியே கேக்கறேன்."

மறுநாள் மாஸ்டர் முதலாளியிடம் போய், போன் மேஜைக்குத் தானாகவே மாறிக்கொள்வதாகச் சொன்னார். மிரட்டித் தள்ளிவிட வேண்டும் என்று வசனமெல்லாம் தயாராக வைத்திருந்த முதலாளிக்கு இது பெரிய ஏமாற்றம். பிறகு இன்ஸ்பெக்டரிடம் போய், அன்று மிதித்தது தன்னுடைய கால் என்றார். இன்ஸ்பெக்டர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, அதன் வளைந்த காதை மாஸ்டருக்கு நேராக நீட்டிக் காட்டினார். சலவைக்கடை அம்மாவுக்கு மறு தேர்வு கிடைத்தது. வேறு ஒரு மாஸ்டர் பக்கத்தில் உட்கார, அவள் அதே வளைவை அலுங்காமல் கடந்து தேர்ச்சி பெற்றாள். இப்போது விரிப்பு வேனைப் பள்ளி வாசல் வழியாக ஓட்டிப்போகும்போது, தேவையே இல்லாமல் ஒரு ஹாரன் அடிக்கிறாள். ஹாரன் அடிப்பது தவறு என்று மாஸ்டர் ஒவ்வொரு முறையும் முணுமுணுக்கிறார்.

அவர் பிளாஸ்டிக் கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். மேஜைக்கடியில் கால் இன்னும் அவ்வப்போது மிதிக்கிறது, முன்போல் ஆவேசமாக இல்லை. புதன்கிழமைகளில் சீக்கிரம் கிளம்பிவிடுகிறார். பல் என்று சொல்வதில்லை.

போன வாரம் ஒருவர் போனில் கேட்டார்: "உங்க ஸ்கூல்ல நல்லா சொல்லித் தருவாங்களா?"

மாஸ்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். அவருடைய இடத்தில் உட்கார்ந்திருந்த புது ஆள், வாசலைத் தாண்டுவதற்குள்ளேயே பிரேக்கை மிதித்தான்.

"இப்ப இருக்கறவன் தையல்காரன். கத்துக்கணும்னா கொஞ்ச நாள் பொறுத்து வாங்க. நல்ல மாஸ்டர் ஒருத்தர் இருக்காரு. வைத்தியத்துல இருக்காரு."

"அடடா. எதுக்கு வைத்தியம்?"

மாஸ்டர் ரிசீவரைக் கை மாற்றிப் பிடித்தார். கால் ஒருமுறை மிதித்து, அடங்கியது.

"மனசுக்கு" என்றார். "ஏன், உங்களுக்கு அது இல்லையா?"